ஸ்மோகோ சேர்த்துப் பதினைந்து

1

இந்தக் கதை ஒரு வெள்ளை மினிபஸ்ஸிலிருந்து தொடங்கியது. நெடுஞ்சாலையை ஒட்டிய கால்பந்து மைதானத்தின் வாசலில் அது நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் பக்கவாட்டில் வேலையில்லாதவர்களுக்கான அரசாங்கத் திட்டமொன்றின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. இவரைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது.

மேலே சொன்னதில் ஒரு பொய் இருக்கிறது. எது என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை நம்பிக்கொண்டிருங்கள். கதை படிக்கிறவர்களுக்கு அது பழகிய காரியம்தான்.

பொய்யில்லாத விவரங்களை முதலில் கொடுத்துவிடுகிறேன். இடம் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து. ஊரின் பெயரை டைலர்ஸ் ஃபிளாட் என்று மாற்றியிருக்கிறேன். மரம் அறுக்கும் ஆலை மூடிப்போன ஊர்கள் இந்தப் பக்கத்தில் நாலைந்து இருக்கின்றன, ஆகவே யாரும் கண்டுபிடித்துச் சண்டைக்கு வர முடியாது. திட்டத்தின் உண்மையான பெயர் படிக்கட்டோடு சம்பந்தப்பட்டது. அதைக் 'கைப்பிடி' என்று வைத்துக்கொள்கிறேன். வகுப்பு, விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தல், நேர்முகத்துக்கு ஒத்திகை, போகவர ஒரு பஸ். இவ்வளவுதான் கைப்பிடி.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நெரிடா ஹோகார்த்துக்கு மனிதர்கள் வெறும் எண்கள். குளிர்ந்த கண்களோடு அவள் கணினித் திரையை

வேண்டாம். அரசாங்க அதிகாரி என்றாலே குளிர்ந்த கண்கள் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நெரிடாவை எனக்குத் தெரியும். (எப்படித் தெரியும் என்பதும் ஐந்தாம் பகுதியில்தான்.) அவள் கண்கள் சாதாரணக் கண்கள். அக்டோபர் மாதம் புல்லின் மகரந்தம் பறக்கும்போது சிவந்துபோய் நீர் வடியும். அப்போது பார்க்கிறவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கதாசிரியருக்கு அது வசதி. நான் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளப் போவதில்லை.

இரண்டாம் முயற்சி:

"ராஸ் வெல்லா வேலையிழந்த அன்று மழை பெய்து

பெய்யவில்லை. அன்று முப்பத்தெட்டு டிகிரி வெயில். ஆலை நிர்வாகம் ஆளுக்கொரு குச்சி ஐஸ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. ராஸ் ஐஸைச் சப்பிக்கொண்டே இருபத்தெட்டு வருட வேலையை விட்டு வாசலைத் தாண்டினார். நான் மழையை வரவழைத்தால் அந்த ஐஸ் போய்விடும்.

மூன்றாம் முயற்சி. இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

நெரிடா ஹோகார்த்தின் வேலை, அரசாங்கத் திட்டங்கள் உருப்படியாக ஏதாவது செய்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது. நாற்பத்து நாலு வயது. கைப்பிடியைப் பற்றி அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: வேலையில்லாதவர்களுக்கு இது வேலை வாங்கிக் கொடுக்கிறதா? கேட்கச் சுலபமான கேள்வி. கைப்பிடியில் சேர்ந்த அறுபது பேரில் முப்பது பேருக்கு வேலை கிடைத்தால், பார்த்தாயா என்று திட்டத்தின் ஆட்கள் மார்தட்டிக்கொள்வார்கள். ஆனால் கைப்பிடியைத் தொடாமலே படியேறியிருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேர்? இதுதான் நெரிடாவின் தலைவலி. பதினேழு வருடமாக இந்த ஒரு தலைவலியை வைத்துத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள்.

அதற்கு அவளுக்குத் தெரிந்த நேர்மையான வழி குலுக்கல். டைலர்ஸ் ஃபிளாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் கைப்பிடி வேண்டுமென்று விண்ணப்பித்தவர்கள் நூற்றிருபது பேர். இடமோ அறுபது பேருக்குத்தான். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. கிடைத்தவர்கள் ஒரு பக்கம், கிடைக்காதவர்கள் இன்னொரு பக்கம். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கத்துக்கும் போன் செய்து, வேலை இருக்கிறதா என்று கேட்பது. இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை. வித்தியாசம்தான் கைப்பிடி.

[அடிக்குறிப்பு: குலுக்கல் கொடுமை என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. நெரிடா கேட்டாள், "அப்ப யாரு முடிவு பண்ணணும்? லினெட்டா? நல்லாப் பேசறவங்களுக்குக் குடுப்பா. நானா? அழறவங்களுக்குக் குடுப்பேன். குலுக்கலுக்குத்தான் யாரையும் பிடிக்காது." லினெட் என்பவள் கைப்பிடியின் மேலாளர்.]

மேலிடம் ஒரு கோடு கிழித்திருந்தது. வித்தியாசம் நூற்றுக்குப் பத்து, அதாவது அறுபதுக்கு ஆறு பேர் இருந்தால், கைப்பிடிக்கு இன்னும் மூன்று வருடம். குறைந்தால் ஜூன் கடைசியில் இழுத்து மூடுவது. நூற்றிருபது பேரை வைத்துக்கொண்டு அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் பார்ப்பது அபத்தம் என்று நெரிடா நாலு மின்னஞ்சல் எழுதினாள். ஒரே ஒரு எண் கொடுங்கள் போதும் என்று பதில் வந்தது.

3

எண்ணிக்கையைத் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, நெரிடா கைப்பிடியை நேரில் பார்க்க டைலர்ஸ் ஃபிளாட்டுக்கு வந்தாள். காலை ஏழே முக்கால் மணிக்கு பேக்கரி வாசலில் மினிபஸ் நின்றது.

"ஏறுங்கம்மா," என்றார் ஓட்டுநர். "பின் சீட்டுல மட்டும் உக்காராதீங்க, ஸ்பிரிங் வெளிய வந்து கெடக்கு."

(இந்தப் பக்கத்து ஆண்கள் முன்பின் தெரியாத பெண்ணையும் 'லவ்' என்று கூப்பிடுவார்கள். அதில் காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நம் காய்கறிக்காரர் 'அம்மா' என்பதைப் போலத்தான். ஆகவே 'அம்மா' என்றே போடுகிறேன். 'மேட்' என்ற சொல்லுக்கு 'மச்சான்' போட்டுப் பார்த்தேன், உறவு முறையெல்லாம் குழம்பிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.)

"ஸ்பிரிங் இல்ல அது, ராஸோட பழைய ஜோக்கு ஒண்ணு," என்றாள் நடு இருக்கையில் இருந்த டாம்சின். இருபத்தாறு வயது, கைப்பிடியில் சேர்ந்து ஐந்து மாதம். "உக்காந்தாத்தான் குத்தும்."

"நீ பேசு. இன்னிக்கு முதியோர் இல்லத்துல ஆள் எடுக்கற ஜீனைப் போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

"எதுக்கு? விளம்பரம் ஒண்ணும் வரலையே."

"வந்தா ஊரே போய் நிக்கும். அங்க ஒரு ஆளு முந்தாநாள் வேலைல இருந்து நின்னுடுச்சு. வாரக் கடைசி ஷிஃப்டு. நான் அனுப்பிச்சேன்னு சொல்லு."

"ராஸ் அனுப்பிச்சாருன்னு சொன்னா வேலை குடுத்துருவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. உள்ளயாவது விடுவாங்க. அந்த வகுப்புல எழுதிக் குடுத்தாங்கல்ல ஒரு தாளு, அதையும் எடுத்துட்டுப் போ. தாளை மட்டும் எடுத்துட்டுப் போயிடாத."

பின்னாலிருந்து ஒருவர், "எனக்கு என்ன ராஸ், நான் அழகா இல்லயா?" என்றார்.

"உனக்கு கோல்டு ஸ்டோர் மேட். அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். ஒனக்குச் சரிப்படுமான்னு நேத்துல இருந்து யோசிச்சிட்டிருக்கேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நெரிடா நோட்டில் எழுதிக்கொண்டாள்: "வேலை வாங்கித் தருவது கைப்பிடியா, பஸ்ஸா, இந்த மனிதரா?" எழுதிவிட்டு இரண்டு முறை அடிக்கோடிட்டாள். அதற்கு அவள் படிவத்தில் பெட்டி கிடையாது.

எல்லாரையும் பயிற்சி நிலையத்தில் இறக்கிவிட்டு, இரண்டாவது கூட்டத்தை ஏற்றப் போவதற்கு முன் ராஸ் மைதான வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஸ்மோகோ," என்றார்.

ஸ்மோகோ என்றால் வேலைக்கு நடுவே தேநீருக்கு நிறுத்துவது. பெயரில்தான் புகை இருக்கிறது, ராஸ் சிகரெட்டை விட்டுப் பத்து வருடமாகிறது.

"கப்பு ஒண்ணுதான் இருக்கு. நீங்க கப்புல குடிங்க, நான் மூடியில குடிச்சுக்கறேன்." பழக் கேக்கைப் பிட்டு ஒரு துண்டை நீட்டினார். அது அவர் மனைவி கார்மெல் செய்தது. "உங்களை எனக்குத் தெரியும்மா. எனக்கு வந்த கடுதாசில உங்க கையெழுத்துதான்."

"என்ன கடுதாசி?"

"'வருந்துகிறோம், தாங்கள் ஒப்பீட்டுக் குழுவில் இடம்பெறுகிறீர்கள்.' கார்மெல் அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா. நம்ம வீட்டு ஒப்பீட்டுக் குழுவைக் கூப்பிட்டுக் குப்பைத் தொட்டியை வெளிய வைக்கச் சொல்லும்பா."

நெரிடா கேக்கை மடியில் வைத்தாள். அந்தக் கடிதத்தின் வாசகங்களுக்காக மூன்று கூட்டம் நடத்தியவள் அவள். யார் மனமும் புண்படக் கூடாதென்று தேர்ந்தெடுத்த சொற்கள் அவை.

"அப்புறம் இந்த வேலை எப்படி?"

"பேக்கரி கண்ணாடியில டிரைவர் வேணும்னு ஒட்டியிருந்தாங்க. போய்க் கேட்டேன். லினெட்டுக்கு நான் குலுக்கல்ல இருந்தவன்னே தெரியாது, பேரு யாரு கிட்டயும் சொல்லக் கூடாதாமே. கைப்பிடி கிடைக்கலம்மா எனக்கு. ஸ்டியரிங் கிடைச்சுது." மூடியை ஒரே மடக்கில் காலி செய்தார். "பத்தொம்பது மாசம் சும்மா இருந்தேன். தினமும் காலைல எந்திரிச்சு ஷேவ் பண்ணுவேன், எதுக்குப் பண்றோம்னே தெரியாது. இப்பத் தெரியுது."

"தினமும் எத்தனை மணி நேரம்?"

"மூணு. இதையும் சேத்து." தெர்மாஸைத் தட்டிக் காட்டினார். "ஆலையில விசில் ஊதுனா ஸ்மோகோ, திரும்ப ஊதுனா வேலை. ரெண்டுக்கும் ஒரே சம்பளம். எங்க அப்பா காலத்துலயே யூனியன் வாங்கிக் குடுத்தது. ஸ்மோகோ வேலை இல்லைன்னு இந்த ஊர்ல ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல."

நெரிடா அதைக் காதில் வாங்கினாள், ஆனால் மனதில் வாங்கவில்லை. அப்போது அது அவளுக்கு ஒரு ஊர்க்கதை, அவ்வளவே.

"ஜூனோட இது முடிஞ்சுருமாம்மா? பஸ்ஸும் சேந்துதான போகும்?"

"தெரியாது ராஸ்."

"உங்களுக்கேவா?"

"நிஜமாவே தெரியாது."

அன்றைக்கு அது உண்மை.

4

இங்கே நான் கொஞ்சம் தயங்குகிறேன். கதையில் கணக்கு வந்தால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று ஒரு பதிப்பாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இரண்டே எண்கள்.

கைப்பிடி கிடைத்தவர்களில் வேலையில் இருப்பவர்கள் முப்பத்தொன்று. கிடைக்காதவர்களில் வேலையில் இருப்பவர்கள் இருபத்தாறு. வித்தியாசம் ஐந்து. வேண்டியது ஆறு.

நெரிடா இருக்கையில் சாய்ந்துகொண்டாள். இருபத்தாறு பேரின் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டினாள். பெயர்கள் கிடையாது, வரிசை எண்ணும் தொழிலும் மட்டும்தான். நாற்பத்தேழாம் வரிசை: பஸ் ஓட்டுநர், வாரம் பதினைந்து மணி நேரம்.

பதினைந்து மணி நேரம் என்பது இன்னொரு கோடு. வாரத்துக்குப் பதினைந்தும் அதற்கு மேலும் உழைத்தால் 'வேலையில் இருப்பவர்'. அதற்குக் கீழே என்றால் இல்லை.

ராஸ் வெல்லாவுக்கு வேலை கிடைத்தது கைப்பிடியால்தான். ஆனால் குலுக்கல் அவரை அந்தப் பக்கத்தில் போட்டது. குலுக்கலில் விழுந்த பக்கத்தில்தான் கடைசிவரை எண்ண வேண்டும் என்பது நெரிடாவின் தொழிலில் முதல் விதி. அதில் ஓட்டை போட்டால் ஆளாளுக்கு வேண்டியவரை வேண்டிய பக்கம் நகர்த்திக்கொண்டே போவார்கள். ஆக, கைப்பிடி கொடுத்த வேலையே கைப்பிடிக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியின் பேரில் கைப்பிடியை மூடினால், சாட்சி சொன்னவரின் வேலையும் போகும்.

அப்போதுதான் அவளுக்குத் தெர்மாஸ் நினைவுக்கு வந்தது. மூணு, இதையும் சேத்து. வாரத்துக்கு ஐந்து நாள், தினம் அரை மணி ஸ்மோகோ. கைப்பிடியில் அதற்குச் சம்பளம் இல்லையென்றால், பதினைந்திலிருந்து இரண்டரை போகும். பன்னிரண்டரை. கோட்டுக்குக் கீழே.

ராஸ் வேலையில்லாதவர் என்று எழுதினால் அந்தப் பக்கம் இருபத்தைந்து ஆகும். வித்தியாசம் ஆறு. பஸ் ஓடும். ராஸ் ஓட்டுவார்.

இந்த இடத்தில் நெரிடா எழுந்து ஜன்னலோரம் போய் நின்று வெளியே வெறித்தாள் என்று முதலில் எழுதினேன். அவள் அறையில் ஜன்னல் கிடையாது. அவள் செய்தது, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து, காம்போடு முழுக்கத் தின்றது. தனக்கு வேண்டிய விடை வருகிற ஒரு வரிசையை மட்டும் தோண்டிப் பார்ப்பது திருட்டு என்று அவளுக்குத் தெரியும். டைலர்ஸ் ஃபிளாட்டில் பாதிப் பேர் ஆலை ஆட்கள், இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். எத்தனை பேர் ஸ்மோகோவைச் சேர்த்துச் சொன்னார்களோ. ஆப்பிள் தீர்ந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். இரண்டு பக்கத்திலும், கோட்டை ஒட்டிப் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று சொன்ன எல்லாரையும் மறுபடி கூப்பிட வேண்டும். ஒன்பது பேர் தேறினார்கள். சம்பளச் சீட்டைப் பார்க்க அனுமதி இல்லை, அவரவர் வாயால் சொல்வதுதான் கணக்கு. ஒன்பது வரிசை எண்களையும் தொலைபேசிக் கேள்வியாளருக்கு அனுப்பிவைத்தாள்.

எட்டுப் பேரின் எண் மாறவில்லை. மீதி இருந்தது நாற்பத்தேழாம் வரிசை.

5

அந்தத் தொலைபேசிக் கேள்வியாளர் நான்தான்.

முதல் பகுதியில் சொன்ன பொய் இதுதான். பஸ்ஸைப் பார்த்தது உண்மை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. பஸ்ஸைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு பதினோரு நிமிடத் தொலைபேசி அழைப்பில் அது தொடங்கிவிட்டது. பன்னிரண்டு வருடமாக நெரிடாவிடம் இதே வேலை செய்கிறேன். இங்கே குடியிருப்பது இருபத்திரண்டு வருடமாக. என் ஆங்கிலத்தைக் கேட்டு முதலில் விறைத்துக்கொள்கிறவர்கள், பண்ணைக்காரர்களின் பாலுக்கு இப்போது என்ன விலை கொடுக்கிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டதும் தளர்ந்துவிடுவார்கள்.

கேள்வி பதினான்கு: "சென்ற வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்?"

ராஸ் சொன்னார், "பதினஞ்சும்மா. கரெக்டா பதினஞ்சு."

அந்தக் 'கரெக்டா' எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முதல் மதிப்பெண் அட்டையை நீட்டுகிற குரல் அது. கேள்வி பதினான்கு முடிந்ததும் அதன் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும். "இதில் சம்பளமில்லாத இடைவேளைகள் சேர்ந்துள்ளனவா?" பதினைந்துதான் கோடு என்று எனக்குத் தெரியும். கேட்டால் அவர் கீழே இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன். பத்தொன்பது மாதம் சும்மா இருந்த மனிதர். இறங்க வேண்டாம், பாவம், என்று நினைத்தேன். கேட்காமல் பதினைந்து என்று அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் எழுதிய அந்தப் பதினைந்துதான் அவர் பஸ்ஸுக்கு அடியில் கல்லாகக் கிடந்தது. வருத்தமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. ஒரு கதை எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

[அடிக்குறிப்பு: யார் எந்தப் பக்கம் என்று கேள்வியாளருக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றாம் கேள்வியில் கைப்பிடியில் தான் இல்லை என்று ராஸே சொல்லியிருந்தார். பிறகு ஒரு நாள் மைதான வாசலில் அவர் குரலையும் பஸ்ஸின் பெயரையும் சேர்த்துப் பார்த்தேன். கோட்டை ஒட்டிய ஒன்பது பேரைத் திரும்பக் கூப்பிடு என்று உத்தரவு வந்தபோது, முடிவு கயிற்றின் மேல் நிற்கிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவைப்படவில்லை. நெரிடாவின் மனதுக்குள் நடந்ததெல்லாம் ஒரு வருடம் கழித்து அவளே சொன்னது. ஆப்பிள் உட்பட.]

6

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. ராஸ் பன்னிரண்டரை என்கிறார். வித்தியாசம் ஆறு. கைப்பிடிக்கு மூன்று வருடம். டாம்சின் முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகிறாள். பஸ் ஓடுகிறது, அதை ஓட்டுகிறவர் அரசாங்கத்தின் அறிக்கையில் வேலையில்லாதவர். அறிக்கையை யாரும் படிப்பதில்லை, ஆகவே எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும். அதனால்தான் இதை நம்ப மாட்டேன் என்கிறேன். என் தவறு இவ்வளவு சுலபமாகக் கழுவப்படுவது கதைக்கு நல்லதில்லை.

இரண்டாம் முடிவு. ராஸ் பதினைந்தில் உறுதியாக நிற்கிறார். வித்தியாசம் ஐந்து. ஜூன் கடைசியில் கைப்பிடி மூடப்படுகிறது, பஸ்ஸை ஏலம் விடுகிறார்கள், ராஸ் வீட்டுக்குப் போகிறார். இப்போது அந்தப் பக்கம் வேலையில் இருப்பவர்கள் இருபத்தைந்து. அதாவது மூடிய மறுநாள் கைப்பிடி வெற்றி பெற்ற திட்டமாகிவிடுகிறது. இதை எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் படித்தபோது, ஒரு மனிதரின் வேலை போவதில் எனக்குக் கிடைத்த சாமர்த்தியம் குமட்டியது.

மூன்றாம் முடிவு. நெரிடா நாற்பத்தேழாம் வரிசையை மொத்தமாக நீக்கிவிடுகிறாள். யாருக்கும் சாதகம் இல்லை, பாதகமும் இல்லை. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அறுபதுக்குப் பதில் ஐம்பத்தொன்பது, அதில் இருபத்தைந்து. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்பதே சொச்சம். பத்து வரவில்லை. அவரை இல்லாமலே ஆக்கினாலும் பஸ் நின்றுவிடும். இந்த முடிவில் நெரிடா பல்லைக் கடித்துக்கொண்டு

இதையும் விட்டுவிடுகிறேன். நெரிடா பல்லைக் கடிக்கிறவள் இல்லை. எந்த எண் வந்தாலும், அஞ்சும் ஆறும் ஒன்றுதான் என்று ஐந்தாவது மின்னஞ்சல் எழுதுகிறவள். அதையும் அவள் எழுதினாள்.

7

ஆகவே நடந்ததை, நடந்தவரைக்கும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது.

"ராஸ், ஒரு கேள்வி பாக்கி இருக்கு. போன தடவை கேக்காம விட்டுட்டேன்."

"கேளுங்கம்மா."

"பதினஞ்சு மணி நேரம்னு சொன்னீங்க. அதுல சம்பளமில்லாத இடைவேளை ஏதாவது சேந்திருக்கா?"

அந்தப் பக்கம் தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஸ்மோகோவைக் கேக்கறீங்களா?"

"அந்த வார்த்தை என் தாள்ல இல்ல ராஸ்."

"லினெட் ஸ்மோகோவுக்குச் சம்பளம் தர்றதில்ல. ரெண்டு டிரிப்புக்கு மட்டும்தான் போடுறா. நான் கேக்கவும் இல்ல. ஆனா அந்த அரை மணி நான் சும்மா உக்காந்திருக்கேன்னு நினைக்காதீங்க. போன்லயே இருப்பேன். கோல்டு ஸ்டோர்ல யாரு நின்னது, பால் ஃபேக்டரில எந்த ஷிஃப்டு காலி, கசாப்புக் கூடத்துல யாருக்கு முதுகு பிடிச்சிக்கிச்சு. எல்லாம் பழைய ஆலைப் பசங்க, எனக்குச் சொல்லுவானுங்க. மறுநாள் பஸ்ஸுல ஏறறவங்ககிட்ட அதைச் சொல்லிருவேன். அதாம்மா நெசமான வேலை. வண்டி யாரு வேணா ஓட்டலாம்."

கேள்வியாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. பல பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்த அந்த அரை மணி, என் தாளின்படி, இடைவேளை.

"அப்ப அதைக் கழிச்சா எவ்வளவு வருது?" என்றார்.

"பன்னெண்டரை."

"பன்னெண்டரைன்னு எழுதினா நான் யாரு? வேலை இருக்கறவனா, இல்லாதவனா?"

இதற்குப் பதில் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை. சொன்னேன்.

"அந்தத் தாள்படி, இல்லாதவர்."

மூடியைத் தெர்மாஸின் மேல் வைத்துத் திருகினார், அல்லது திறந்தார், சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

"பதினஞ்சுன்னு எழுதினா?"

"இருக்கறவர்."

"எதை எழுதினாம்மா நல்லது?"

என் திரையில் ஒரு பெட்டி. அதில் மூன்று வாரத்துக்கு முன் நான் அடித்த பதினைந்து அப்படியே நிற்கிறது. மாற்றலாம், மாற்றாமல் விடலாம். நான் என்ன செய்தேன் என்று இந்தக் கதையில் சொல்லப் போவதில்லை. ஒருமுறை ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு அவருக்காக நானே முடிவு செய்தேன், அது போதும். உங்களுக்கு இரண்டு எண்ணும் தெரியும், இரண்டின் விலையும் தெரியும். அவருக்கு ஒன்றின் விலைதான் தெரியும். சொல்லலாமா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போனை உங்கள் காதில் வைக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்கிறார் ராஸ். "அவசரமில்ல. நான் ஸ்மோகோவுலதான் இருக்கேன்."